மூணு லட்சத்துல, ஒரு பையன் இன்னொரு பையன் மேல பித்தா அலையற பேய்ப்படம் எப்படி எடுக்கறது?

பல்லடம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க. நாலு பசங்க சேந்திருக்காங்களாம், கையில மூணு லட்சம் இருக்குதாம், ஒருத்தன் இன்னொருத்தன் மேல பித்துப் புடிச்சு அலையறத வெச்சு ஒரு பேய்ப்படம் எடுக்கோணுமாம், ரெண்டு பேருமே பசங்க. எப்படி எடுக்கறது, எந்தப் படத்தப் பாத்து கத்துக்கறது, கே பையனையே, அதாவது ஆம்பளைய விரும்பற பையனையே, வில்லனாக் காட்டுனா தப்பாயிருமா, பேய் கண்டிப்பா வரோணுமா, இதுதான் கேள்வி. நான் சவுண்டு வேல பாக்கறவன், கல்யாண வீடியோல ஆரம்பிச்சு குறும்படம் சின்னப் படம்னு பதினஞ்சு வருசம் ஓடிப்போச்சு, அதனால என்ற பதில்ல சத்தத்தப் பத்தி கொஞ்சம் எச்சாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

வில்லன் கேள்வியவே மொதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அதுக்கு பதில் தெரிஞ்சாத்தான் கதையே வரும். உங்க பயம் ஞாயமானதுதானுங்க. ஹாலிவுட்ல 1934ல இருந்து 1968 வரைக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு, அதுல ரொம்ப வருசத்துக்கு ஆம்பளைய ஆம்பளை விரும்பறான்னு நேராக் காட்டவே கூடாது. அதனால அந்த ஆளுக எல்லாம் ரத்தக்காட்டேரியாவும் பைத்தியக்கார டாக்டராவும் மாறுவேசத்துல வந்தாங்க. 1931ல ஃபிராங்கன்ஸ்டைன் படத்த எடுத்த ஜேம்ஸ் வேல் அந்தக் காலத்துலயே தன்ன மறைச்சுக்காம வாழ்ந்த கே. ஊரே தீவட்டி தூக்கிட்டு ஒரு பாவப்பட்ட பூதத்த தொரத்தற காட்சிய அவுரு எடுத்திருக்கறாருங்கறத தெரிஞ்சுட்டுப் பாத்தா வேற மாதிரி தெரியும். நம்மூர்ல மாறுவேசம் கூட கெடையாது. 2006ல வந்த வேட்டையாடு விளையாடுல ரெண்டு கொலகாரனுகளப் பாத்து கதாநாயகன் நீங்க ஓரினச்சேர்க்கையாளரான்னு கேக்கற எடம் இருக்குது, அந்தக் கேள்விக்கும் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா தேட்டர்ல அத யாரும் கேக்கல.

அப்ப வில்லனே வேண்டாம்னு தூக்கிப் போட்டா ஆச்சான்னா, ஆகாதுங்க. வில்லன எடுத்துட்டீங்கன்னா உங்க படம் ஒரு நல்லெண்ண விளம்பரமாயிரும், பேய்ப்படமா இருக்காது. வழி ரொம்ப சுலபம். தொரத்தறவனும் கே, தொரத்தப்படறவனும் கே. இதுல பெரும்பாலான கதைல ரெண்டாவது பையன சாதாரண பையனா வெச்சர்றாங்க, அவன் ஒரு பொண்ண விரும்புவான், இந்த கே பையன் நடுவுல வந்து கெடுப்பான், அப்ப பாக்கறவனுக்கு பயம் எங்க வருதுன்னா ‘ஆம்பளைய ஆம்பளை விரும்பறானே’ங்கறதுல வருது. அந்த பயத்துக்கு நீங்க படம் எடுக்க வேண்டியதில்ல, ஊர்ல ஓசிலயே கெடைக்குது. ரெண்டாவது பையனும் கே, அவனுக்கு கோயமுத்தூர்ல ஒரு ஆளு இருக்கறான், ஞாயித்துக்கெழமயானா பஸ் ஏறிப் போயி காந்திபுரத்துல எறங்கி அவனப் பாத்துட்டு வரான், நல்லா சந்தோசமா இருக்கறான்னு வெச்சுட்டீங்கன்னா கத கணக்கு மாறிருது. இப்ப பிரச்சன ஆம்பளையா பொம்பளையாங்கறதில்ல, வேண்டாம்னு சொன்னவன விடமாட்டீங்கறான்ல, அதுதான்.

இன்னொன்னு யோசிச்சுப் பாருங்க. விடாம தொரத்தறதுதான் காதல்னு நம்ம ஆளுகளுக்கு சினிமா அம்பது வருசமா சொல்லிக் குடுத்து வெச்சிருக்குது. 1991ல குணா அந்தப் புள்ளயத் தூக்கிட்டுப் போயி குகைல வெச்சான், நாம குணாவுக்காக அழுதோம். 2003ல காதல் கொண்டேன் பையன் செஞ்சதுக்கெல்லாம் நமக்கு பரிதாபம்தான் வந்துச்சு. நான் ரெண்டையும் கொற சொல்லல, ரெண்டும் எனக்குப் புடிச்ச படம்தான், ஆனா அந்தப் புள்ளைக பக்கம் கேமராவ வெச்சா அது ரெண்டுமே சுத்தமான பேய்ப்படம். பஸ்சுல பின்னாடி சீட்டுல உக்காந்துக்கறது, வீட்டுக்கு எதுத்தாப்ல நின்னு மழைல நனையறது, கைய அறுத்துக்கறது, இதெல்லாம் பாட்டு போட்டா காதல், பாட்ட எடுத்துட்டா பயம். உங்களுக்கு இருக்கற பெரிய சொத்து இதுதானுங்க, பாக்கறவன் தலைக்குள்ள இந்தக் காட்சி எல்லாம் ஏற்கனவே இருக்குது, நீங்க புதுசா எதுவும் கட்ட வேண்டியதில்ல.

அதனால நான் சொல்றது இது. படத்த ரெண்டாப் பொளந்துக்கோங்க. மொதப் பாதி தொரத்தறவன் பக்கம், அவன் ஒரு தறிக்காரப் பையன், விசைத்தறில நைட் சிப்ட் ஓட்டறவன், பொழுதோட வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேக்கரில டீ குடிக்கறான். பேக்கரிப் பையன் சிரிக்கறான், கூட ஒரு வர்க்கி வெக்கறான், இவனுக்கு உள்ள மழ பெய்யுது. வழக்கமான காதல் படம் மாதிரியே எடுங்க, பாட்டு கூட வெய்ங்க, பாக்கறவன் இவன் ஜெயிக்கோணும்னு நெனைக்கோணும். ரெண்டாவது பாதில அதே நாட்கள், அதே டீ, அதே வர்க்கி, ஆனா பேக்கரிப் பையன் பக்கம் இருந்து. அவன் எல்லாருக்கும்தான் சிரிக்கறான், அது அவன் பொழப்பு, வர்க்கி நேத்து மிஞ்சுனது. பாட்டு கெடையாது. மொதப் பாதில அழகா தெரிஞ்ச ஒவ்வொரு காட்சியும் திரும்பி வரும்போது குலை நடுங்கும். இதுல காசு கணக்கும் இருக்குது பாருங்க, ஒரே கடை, ஒரே பஸ்சு, ஒரே வீதி, ஒவ்வொரு காட்சிக்கும் ரெண்டு பக்கத்துல இருந்து எடுத்தர்றீங்க, ஒரு நாள் ஷூட்டிங்ல ரெண்டு நாளைக்கான படம் தேறும்.

தொரத்தறவன எழுதறதுக்கு ஒரு பழைய சமாச்சாரம் உதவும். கிளேராம்போ-ன்னு ஒரு பிரெஞ்சு மனநல டாக்டரு 1921ல இந்த மாதிரி ஆளுகளப் பத்தி எழுதுனாரு, எதுத்த ஆளு தன்னத்தான் காதலிக்கறாருன்னு அசைக்க முடியாம நம்பற ஒரு நெலம, எரோடோமேனியான்னு சொல்லுவாங்க. அவுரு சொன்ன ஒரு அம்மா, அம்பது வயசு தாண்டுனவங்க, இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஜார்ஜ் தன்ன விரும்பறாருன்னு நம்பி பாரிஸ்ல இருந்து லண்டன் போயி அரமனைக்கு வெளிய நிப்பாங்களாம். சன்னல்ல ஸ்கிரீன் அசைஞ்சா அது ராஜா தனக்கு காட்டற ஜாடைன்னு எடுத்துக்குவாங்களாம். அந்த ஸ்கிரீன்தானுங்க உங்க படம். நம்ம கதைல அது பேக்கரி சட்டர். அடுப்பு சூடு போறதுக்கு ராத்திரில பாதி சட்டர எறக்கிவெச்சுட்டு உள்ள வேல செய்வாங்கல்ல, தறிக்காரன் எதுத்தாப்ல நின்னு பாக்கறான், எனக்காகத்தான் தெறந்து வெச்சிருக்கறான்னு நெனைக்கறான். அவன் பொய் சொல்றவன் இல்ல, கெட்டவன்னு அவனுக்கே தெரியாது. அப்படி எழுதுனாத்தான் நடிக்கற பையனுக்கு புடிமானம் கெடைக்கும், கண்ண உருட்டிட்டு பல்லக் கடிச்சுட்டு நடிச்சான்னா படம் அன்னிக்கே செத்துப் போச்சு.

எதுக்கு பேக்கரின்னு கேட்டீங்கன்னா, மொதக் காரணம் நம்ம பக்கம் பேக்கரி இல்லாத முக்கே கெடையாது, ஒரு கடைய ராத்திரி பதினொன்னுல இருந்து வெடியால நாலு வரைக்கும் வாடகைக்குக் கேட்டா யாராவது குடுத்துருவாங்க. ரெண்டாவது, கல்லாவுக்குப் பக்கத்துல இருக்கற அந்த ஸ்பீக்கர் பொட்டி. யாராவது ஸ்கேன் பண்ணி காசு போட்டா ‘ரூபாய் பத்து பெறப்பட்டது’ன்னு ஒரு பொம்பளக் கொரல் சொல்லுமே அது. வாட்ஸப்ல பிளாக் பண்ணலாம், நம்பர மாத்தலாம், ஆனா கடை ஓட்டறவன் க்யூஆர் ஸ்டிக்கர கிழிச்சுப் போட முடியுமா, அது ஊருக்கே பொது. எல்லா எடத்துலயும் பிளாக் ஆன ஒருத்தன் ஒத்த ரூபா அனுப்பி அதோட ஒரு வரி எழுதி அனுப்பறது நெசமாவே நடக்கற விசயமுங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு நடந்திருக்குது. இப்ப இப்படி வெச்சுப் பாருங்க. கடை சாத்தியாச்சு, லைட்டு ஒண்ணுதான் எரியுது, அவன் தட்டு கழுவிட்டிருக்கறான். ‘ரூபாய் ஒன்று பெறப்பட்டது.’ கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. ‘ரூபாய் ஒன்று பெறப்பட்டது.’ அவன் போய் சட்டருக்கு கீழ குனிஞ்சு பாக்கறான், வீதில யாருமில்ல. இந்தக் காட்சிக்கு ஆகற செலவு ரெண்டு ரூபா. கிராஃபிக்ஸ் வெச்சு எடுத்த எந்தப் பேயும் இதுகிட்ட நிக்காதுன்னு நான் எழுதியே குடுக்கறேன்.

இப்ப ஒரு கேள்வி வரும், அவன் ஏன் போலீசுக்குப் போகல. பேய்ப்படத்துல எப்பவுமே இதுதான் ஓட்ட, வீட்ட விட்டு ஓட வேண்டியதுதானேன்னு பின் சீட்டுல இருந்து ஒருத்தன் கத்துவான். உங்க படத்துல அந்த ஓட்டயே கெடையாதுங்க, நம்ம சட்டமே அத அடைச்சு வெச்சிருக்குது. பின்தொடர்றத 2013லதான் தனிக் குத்தமா சேத்தாங்க, இப்ப 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதால 78ஆவது பிரிவு. அதுல எழுதியிருக்கறது ஒரு ஆண் ஒரு பெண்ண பின்தொடர்ந்தாங்கறது மட்டும்தான். ஆம்பளைய ஆம்பளை தொரத்துனா அந்தப் பிரிவு வராது. இயற்கைக்கு மாறான உறவுன்னு தண்டிச்ச பழைய 377ஆவது பிரிவு இருந்துச்சு, அத 2018 செப்டம்பர் 6ல சுப்ரீம் கோர்ட்டு சம்மதத்தோட சேர்ற பெரியவங்களுக்கு செல்லாதுன்னு சொன்னது எல்லாருக்கும் தெரியும், ஆனா புதுச் சட்டம் வந்தப்ப அந்தப் பிரிவையே மொத்தமா எடுத்துட்டாங்க, அதனால வயசு வந்த ஒரு ஆம்பளைய இன்னொருத்தன் பலாத்காரம் பண்ணுனா அதுக்குன்னு தனிப் பிரிவே இன்னிக்கு கெடையாது. மெரட்டல், காசு பறிக்கறது, அந்தரங்கப் படம் எடுக்கறது இதுக்கெல்லாம் பிரிவு இருக்குது, ஐடி சட்டத்துல 66ஈ ஆம்பள பொம்பளன்னு பிரிச்சுப் பாக்காது. ஆனா அதுக்கும் அவன் ஸ்டேசன்ல போயி நின்னு என்னன்னு ஆரம்பிப்பான்? ‘என்ற பின்னாடி ஒருத்தன் சுத்தறானுங்க’ன்னு சொன்னா ஏட்டய்யா சிரிப்பாரு, ஏன் சுத்தறான்னு கேப்பாரு, அந்த ஏன்-க்கு பதில் சொன்னா பொழுது சாயறதுக்குள்ள அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். ஸ்டேசன் கேட்டு வரைக்கும் போயி வேப்ப மரத்துக்கடியில பைக்க நிறுத்திட்டு பத்து நிமிசம் நின்னுட்டு திரும்பி வந்தர்றான். அந்தப் பத்து நிமிசத்த வெட்டாம எடுங்க.

நம்ம ஊரோட இன்னொரு விசேசம், ரெண்டு பசங்க ஒட்டுக்கா இருந்தா யாருமே திரும்பிப் பாக்க மாட்டாங்க. தோள்ல கை போட்டுட்டு நடக்கலாம், கம்பெனி ரூம்ல ஒரே பாய்ல எட்டுப் பேரு படுக்கலாம், மாப்ள மாப்ளன்னு கட்டிப் புடிக்கலாம். இதே ஒரு பொண்ணுகூட டீ குடிச்சா அன்னிக்கு ராத்திரியே ஒறம்பரைல பாதிப் பேருக்குப் போன் போயிரும். இந்தக் கண்ணு தெரியாத தன்மைதான் ஒரு கே பையனுக்கு இங்க கெடைக்கற சுதந்திரம், அதே தன்மைதான் அவனுக்கு ஆபத்து வரும்போது யாரும் பாக்காமப் போறதுக்கும் காரணம். தறிக்காரன் வீட்டுக்கே வந்துட்டான்னு வெச்சுக்கோங்க, நோம்பி நாளு, பேக்கரிப் பையன் அம்மா ஆசாரத்துல பாய் போட்டு உக்கார வெச்சு ‘வா சாமி, உன்றகூட வேல செய்யற பையனா கண்ணு’ன்னு இவனப் பாத்துக் கேட்டுட்டே எல போட்டு சோறு போடறாங்க. அவன் பொறுமையா சாப்புட்டுட்டு ‘ரசம் நல்லா இருக்குதுங்கம்மா’ங்கறான். இவன் அக்கட்ட நின்னு பாத்துட்டு இருக்கறான், வாயத் தெறக்க முடியல. இதுல ரத்தம் ஒரு சொட்டு இல்ல.

அப்பறம் மருந்து. இத நீங்க கண்டிப்பா வெக்கோணுமுங்க, வெளியூர்க்காரன் யாரும் எடுக்க முடியாத காட்சி இது. பையன் சோறு திங்க மாட்டீங்கறான், எளச்சுப் போறான், ராத்திரில எந்திரிச்சுப் போறான்னா நம்ம ஆளுக மொதல்ல என்ன சொல்லுவாங்க, யாரோ வசிய மருந்து வெச்சுட்டாங்கன்னுதான். மருந்து எடுக்கறவங்க கிட்டக் கூட்டிட்டுப் போவாங்க, எதையோ குடிக்கக் குடுத்து வாந்தி எடுக்க வெச்சு, அதுல இருந்து ஒரு உருண்டைய எடுத்துக் காட்டி இதுதான்னு சொல்லுவாங்க. தறிக்காரப் பையன அவங்கம்மா அப்படி ஒரு எடத்துக்கு கூட்டிட்டுப் போறாங்க. அவன் கொடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்கறான். அந்த ஆளு உருண்டைய வெளக்குல காட்டி, ‘இதா பாருங்க, பொம்பள மசுரு, ஒரு புள்ள வெச்சிருக்குது’ங்கறாரு. அதக் கேட்டதும் அம்மா மூஞ்சில ஒரு நிம்மதி வருது பாருங்க, அங்க கேமராவ நிறுத்துங்க. நான் இத எங்கயும் பாத்து சொல்லல, இந்த ஊர்ல வளந்தவனுக்கு தானா வர்ற காட்சி. ஆனா இதக் காமெடியா எடுத்தீங்கன்னா நான் உங்ககூட பேசவே மாட்டேன். கே-வா இருக்கறத இப்படிக் கொணமாக்கறேன்னு படிச்ச டாக்டருகளே கெளம்புனாங்க, 2021 ஜூன்ல மெட்ராஸ் ஐகோர்ட்டுல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத நிறுத்தோணும்னு உத்தரவு போட்டாரு, அடுத்த வருசம் தேசிய மருத்துவ ஆணையமும் அது தொழில் ஒழுக்கக்கேடுன்னு சொல்லிருச்சு. வாந்தி எடுக்கற பையன் வில்லன்தான், ஆனா அந்த நிமிசம் பாக்கறவன் அவன் பக்கம் நிக்கோணும். அந்தக் கொழப்பம் வந்துச்சுன்னா உங்க படம் நின்னுருச்சுன்னு அர்த்தம்.

பாக்க வேண்டிய படம்னு நீங்க கேட்டதுக்கு நெறைய சொல்ல மாட்டேன், ரெண்டு போதும். 2013ல வந்த ஸ்ட்ரேஞ்சர் பை த லேக், அலன் கிரோடின்னு ஒரு பிரெஞ்சுக்காரரு எடுத்தது, கேன்ஸ்ல அன் செர்டன் ரிகார்ட் பிரிவுல டைரக்சனுக்கு பரிசு வாங்குச்சு. முழுப் படமும் ஒரு ஏரிக்கரை, பின்னாடி ஒரு காடு, வண்டி நிறுத்தற எடம், அவ்வளவுதான். பின்னணி இசையே கெடையாது, காத்தும் தண்ணியும்தான். ஒருத்தன் இன்னொருத்தன் கொல பண்றதக் கண்ணால பாத்த பொறகும் அவன் மேல இருக்கற மோகத்த விட முடியாமப் போற கத. ஒவ்வொரு நாளும் அதே எடத்துல அதே வண்டிக நிக்கறதக் காட்டுவாரு, ஒரு நாள் ஒரு வண்டி மட்டும் எடுக்காம நிக்கும், வயிறு கலங்கிரும். வீட்ல ஆளுக இருக்கறப்ப பாக்காதீங்க, ஒளிவுமறைவே இல்லாத காட்சி இருக்குது. இன்னொன்னு அதே 2013ல சேவியர் டொலான் எடுத்து நடிச்ச டாம் அட் த ஃபார்ம், கனடால ஒரு நாடகத்துல இருந்து எடுத்தது. செத்துப் போன காதலனோட எழவுக்கு ஒரு பையன் அவுங்க தோட்டத்துக்குப் போறான், அம்மாவுக்கு விசயம் தெரியாது, அண்ணங்காரனுக்குத் தெரியும், வாயத் தெறந்தா கொன்னுருவேன்னு அவன் பண்ற அடாவடிதான் படம். மாட்டுக் கொட்டாயி, சோளக்காடு, எழவு வீட்டு சமையக்கட்டு, எல்லாம் நம்ம தோட்டத்துச் சாளை மாதிரியே இருக்கும், பாத்தா இத நாமளும் எடுக்கலாமேன்னு கை துறுதுறுங்கும். காசு விசயத்துக்கு மட்டும் பேராநார்மல் ஆக்டிவிட்டிய நெனச்சுக்கோங்க, டைரக்டர் தன்னோட சொந்த வீட்டுலயே சுமார் 15,000 டாலர்ல எடுத்தாரு, ராத்திரி தூங்கறவங்கள ஸ்டேண்ட்ல நிக்கற கேமரா சும்மா பாத்துட்டே இருக்கும், நம்ம கண்ணு தானா கதவு மூலைக்கு ஓடும்.

சரி, மூணு லட்சம். கேமராவுக்கு செலவு பண்ணாதீங்க, நல்ல போன் போதும். டியூப்லைட்டு மினுக்காம இருக்கோணும்னா நொடிக்கு 25 ஃப்ரேம்ல வெச்சு கேமரா சட்டர நொடில 50ல ஒண்ணுன்னு பூட்டிருங்க, நம்மூரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதுக்குத்தான். ராத்திரி வெளிய எடுக்கறத கொறச்சுக்கோங்க, இருட்டுல போன் படம் பொரி பொரியா வரும், பொழுது உழுந்த பொறகு இருவது நிமிசம் ஒரு நீலம் இருக்கும்ல, அதுலயே முடிச்சிருங்க. பாதிக் காசு சோத்துக்கும் வண்டிக்கும் போயிரும், அதுல கஞ்சத்தனம் பண்ணா மூணாவது நாளே ஆளு வராது. மிச்சக் காசுல பெரும்பகுதிய சத்தத்துக்கு எடுத்து வெய்ங்க, நான் சவுண்டுக்காரன்னு சொல்லல, மங்கலாத் தெரிஞ்சா ஸ்டைலுன்னு நெனச்சுக்குவாங்க, வசனம் கேக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க.

நம்ம பக்கம் சத்தம் ஓசிங்க. தறிச்சத்தம் இருக்குது பாருங்க, பல்லடம் சோமனூர் பக்கம் பொறந்த கொழந்த அந்தச் சத்தத்துலதான் தூங்கும், கரண்டு போயி தறி நின்னா அழுதுட்டு எந்திரிச்சுக்கும். அத அப்படியே பயன்படுத்துங்க. மொதப் பாதி பூரா பின்னாடி டக்கு டக்குன்னு ஓடிட்டே இருக்கட்டும், பாக்கறவன் மறந்தே போயிருவான், அப்பறம் ஒரு எடத்துல கரண்டு போகட்டும். ஊரே நிக்கும். அந்த நிசப்தத்துல செருப்புச் சத்தம் ஒண்ணு வெச்சா போதும். அடுத்தது காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசில இருந்து அடிக்கற காத்து பொள்ளாச்சி உடுமல பல்லடம் வரைக்கும் வருது, அதுக்குத்தான் கரண்டு எடுக்கற காத்தாடி இத்தன நட்டு வெச்சிருக்கறாங்க. ராத்திரில போயி ஒரு காத்தாடிக்கு அடியில நின்னு பாருங்க, எறக்க ஒவ்வொண்ணும் எறங்கும்போது ஒரு மூச்சு விடற சத்தம், மேல செவப்பு லைட்டு கண்ணு மூடித் தெறக்கற மாதிரி. காட்டுக்குள்ள வரிசையா அம்பது செவப்புக் கண்ணு. தனியா ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க, ஆனா அந்தக் காத்துல வசனம் எடுக்கறேன்னு போயிராதீங்க, மைக்குக்கு ரோமக் கவர் போட்டாலும் ஆடிக் காத்து அதையும் பிச்சுட்டுப் போயிரும், வசனத்த இட்டேறிக்குள்ள வேலி மறவுல நின்னு எடுங்க.

நடிக்கற பசங்க விசயத்துல என்ற சொந்தக் கதை ஒண்ணு. ஆனமல பக்கம் ஒரு தென்னந்தோப்புல இதே மாதிரி ஒரு குறும்படம், பதினாலு நிமிசம், நான் சவுண்டு. காதலிக்கப்படற பையனா நடிச்ச தம்பிக்கு கத முழுசா சொல்லல, ‘பிரண்ட்ஷிப் படம்’னு சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. மூணாவது நாள் அவங்க மாமன் தோப்புக்கே வந்துட்டாரு, என்னன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டில ஏத்திட்டுப் போயாச்சு. தப்பு எங்க மேலதானுங்க, இன்னிக்கும் அந்தத் தம்பியப் பாத்தா எனக்கு மூஞ்சி கொடுக்க முடியல. மிச்சத்த வேற ஒரு பையனோட முதுகு, கை, கதவுக்குப் பின்னாடி கொரலு இத வெச்சு முடிச்சோம், அது படத்துக்கு நல்லதாவே போச்சு, மூஞ்சி தெரியாத ஒருத்தன ஒருத்தன் தேடிட்டே இருக்கற மாதிரி வந்துச்சு. ஆனா அதுக்காக அப்படி செய்யலாம்னு எடுத்துக்காதீங்க. ஸ்கிரிப்ட முழுசாக் குடுத்து படிக்கச் சொல்லுங்க, தொட்டு நடிக்கற காட்சின்னா எங்க தொடறது எத்தன நேரம்னு முன்னாடியே பேசிருங்க, ஊர்ல பேரு தெரிய வேண்டாம்னு நெனைக்கறவனுக்கு டைட்டில்ல வேற பேரு போடுங்க, கூட இருக்கறவன் யாரு கே யாரு இல்லைன்னு போஸ்டர் பேட்டில ஒளறாதீங்க.

சென்சார் தேட்டருக்கு வேணும், யூடியூபுக்கு வேண்டாம். தேட்டருக்குப் போனா இப்ப யுஏ-வையே 7, 13, 16ன்னு மூணாப் பிரிச்சுட்டாங்க, உங்க படத்துக்கு 16 இல்லைன்னா ஏ கெடைக்கும்னு வெச்சுக்கோங்க. நான் உங்க எடத்துல இருந்தா மொதல்ல கே மாதிரி ஆளுகளப் பத்தின படங்களுக்குன்னே மும்பைல 2010ல இருந்து நடக்கற கஷிஷ் விழாவுக்கும் சென்னைல நடக்கற ரீல் டிசையர்ஸ்க்கும் அனுப்பிப் பாப்பேன், அங்க வர்றவங்க இந்த மாதிரிப் படத்த நெறையப் பாத்தவங்க, பொய் இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க.

கடைசியா பேய். பேய் வேணும்னா ரொம்பத் தள்ளி வெய்ங்க, கடைசிப் பத்து நிமிசம் போதும். தறிக்காரன் செத்துப் போறான், எப்படின்னு காட்ட வேண்டாம், தறி ஓடிட்டே இருக்குது, ஆளக் காணோம், அவ்வளவுதான். பேக்கரிப் பையனையும் அவனோட கோயமுத்தூர் ஆளையும் மட்டும் கொன்றாதீங்க, படத்துல கேன்னா கடைசில சாகோணும்ங்கற வழக்கம் ஒண்ணு கெடக்குது, நீங்களும் அதுல போய் விழ வேண்டாம். எங்க அம்மிச்சி சொல்லுவாங்க, ராத்திரில பேரச் சொல்லி யாராவது கூப்புட்டா ஒடனே ஏன்னு கேக்கக் கூடாது, மூணாந் தடவ கூப்புட்டாத்தான் மனுசன், பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்புடாதுன்னு. எழவு முடிஞ்சு பதினாறும் ஆச்சு. கடை சாத்தற நேரம். ரூபாய் ஒன்று பெறப்பட்டது. ரூபாய் ஒன்று பெறப்பட்டது. மூணாவது வருமா வராதான்னு பாக்கறவன் காது அந்தப் பொட்டிமேலயே இருக்கோணும். வரோணுமா வேண்டாமான்னு நீங்க நாலு பேரும் உக்காந்து முடிவு பண்ணிக்கோங்க, என்னக் கேட்டா வர வேண்டாம்.

காத்தாடிச் சத்தத்த மட்டும் ஆடி முடியறதுக்குள்ள போயி எடுத்துருங்க, பொரட்டாசி பொறந்துட்டா காத்து கொறஞ்சிரும், அப்பறம் அடுத்த வைகாசி வரைக்கும் காத்திருக்கோணும்.